ஆவடி டாங்கியும் வங்கக் கடல் கப்பலும்

"மூணாவது உலகப் போர் ஆரம்பிச்சாச்சா?" உலகத்தில் எங்கே ஓர் ஏவுகணை பறந்தாலும் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். ரெண்டு மீம், நாலு ஸ்டிக்கர், கூடவே "அப்போ இன்டர்னல் தள்ளிப் போகுமா?" என்று ஒரு ஆசை. அதோடு விஷயம் முடிந்துவிடும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாம் நமக்கு ரொம்ப தூரம் என்ற நினைப்பு.

அவ்வளவு தூரம் ஒன்றும் இல்லை நண்பர்களே. காட்டுப்பாக்கத்திலிருந்து குமணன்சாவடி, கரையான்சாவடி தாண்டி பருத்திப்பட்டு வழியாக ஆவடி போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே இருக்கிறது கனரக வாகனத் தொழிற்சாலை. நம்ம ஊர்க்காரர்கள் வாயில் அது 'டேங்க் ஃபேக்டரி'. அந்த மதிலுக்குள் தயாரான டாங்கிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பிரிட்டன் வடிவமைத்த விஜயந்தா, சோவியத் டி-72, நம் சொந்தத் தயாரிப்பான அர்ஜுன், ரஷ்ய டி-90. ஏன் இந்த நாடுகள்? ஏன் இந்த வரிசை? இதற்கான பதிலைத் தேடிப் போனால் வல்லரசுகளின் கூட்டணிச் சண்டை முழுக்க நம் கண்முன்னால் விரியும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி. ஆயுதம் வாங்குவதும் கூட்டணி சேர்வதும் பாதுகாப்புக்காகத்தான் என்று எல்லா நாடும் சொல்கிறது. அப்படின்னா பதற்றம் குறையணுமே, ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

மைக் ஏன் கத்துகிறது?

கல்ச்சுரல்ஸ் மேடையில் யாராவது மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் 'கீஈஈ' என்று ஒரு சத்தம் வரும் இல்லையா? யாரும் கத்தவில்லை. எங்கோ ஒரு சின்ன சலசலப்பு. அதை மைக் வாங்கி, ஆம்ப்ளிஃபயர் பெருக்கி, ஸ்பீக்கர் வெளியே விட, அதையே மைக் மறுபடி வாங்குகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படித்த பாசிட்டிவ் ஃபீட்பேக் இதுதான். இங்கே தனியாக ஒருவரைக் குற்றவாளி என்று பிடிக்க முடியாது. சுற்றே கத்துகிறது.

நாடுகளுக்கு நடுவிலும் இதே சுற்று உண்டு. ஒரு நாடு பயந்துபோய், தற்காப்புக்காகவே ஆயுதம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருக்கும் நாட்டுக்கு அந்த எண்ணம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். எத்தனை டாங்கி, எத்தனை ஏவுகணை, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் அது பார்க்கும். பார்த்துப் பயந்து அதுவும் வாங்கும். அதைப் பார்த்து முதல் நாடு, "நான் நினைச்சது சரிதான்" என்று இன்னும் கொஞ்சம் வாங்கும். சர்வதேச அரசியல் படிப்பவர்கள் இதைப் 'பாதுகாப்பு இக்கட்டு' என்பார்கள். ஜான் ஹெர்ஸ் என்ற அறிஞர் 1950-ல் வைத்த பெயர்.

அமெரிக்கா அணுகுண்டைச் சோதித்தது 1945-ல், சோவியத் யூனியன் 1949-ல். அதே 1949-ல் நேட்டோ கூட்டணி பிறந்தது. 1955-ல் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர, சில நாட்களிலேயே சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தம் போட்டது. 1980-களின் நடுவில் உலகத்தில் இருந்த அணு ஆயுதங்கள் சுமார் 70,000. ரெண்டு பேருமே "நான் தற்காப்புக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றுதான் சொன்னார்கள்.

இதில் கூட்டணியின் வேலை என்ன? ஒரு மேடையின் மைக்கை ஊர் முழுக்க இருக்கிற ஸ்பீக்கர்களோடு இணைத்துவிடுகிற வேலை. எங்கோ ஆரம்பிக்கிற சத்தம் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து கத்தும். அப்படி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் நம்ம பக்கம்.

கையெழுத்து மணிலாவில், டாங்கி ஆவடியில்

1954 மே மாதம் அமெரிக்காவும் பாகிஸ்தானும் ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் மணிலாவில் உருவான சீட்டோ கூட்டணியில் பாகிஸ்தான் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. பிற்பாடு அதன் பெயர் சென்டோ.

அமெரிக்காவின் கணக்கு, சோவியத்தையும் சீனாவையும் சுற்றி ஒரு வேலி போடுவது. பாகிஸ்தானின் கணக்கு வேறு: பக்கத்தில் இருக்கும் பெரிய நாடான இந்தியாவை எப்படிச் சமாளிப்பது? காகிதம் ஒன்று, பயம் ரெண்டு. ஒப்பந்தத்தின் பலனாக அமெரிக்காவின் பேட்டன் டாங்கிகள் பாகிஸ்தானுக்கு வந்தன. கம்யூனிசத்தைத் தடுக்க வந்தவை என்று வாஷிங்டன் சொன்னது. டெல்லிக்குத் தெரிந்ததோ பஞ்சாப் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பேட்டன்கள் மட்டும்தான்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு நம்ம ஆவடியில்தான் நடந்தது. 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானத்துக்காகப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து, ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. பெரிய நாடுகளின் தனிப்பட்ட நலனுக்கு உதவும் ராணுவக் கூட்டணிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதை அங்கே ஒரு கொள்கையாக எழுதினார்கள். அதே பட்டியலில், தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்பதும் இருந்தது. ரெண்டு தரப்பையும் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. எந்தப் பக்கமும் சேராமல் இருப்பது என்ற நேருவின் வழி, ஆசை அளவில் நல்லாத்தான் இருந்தது. ஆனால் எல்லையில் நிற்கும் பேட்டனுக்கு அது பதில் ஆகவில்லை.

1961-ல் இந்தியா பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு டாங்கி ஒப்பந்தம் செய்தது. அதிலிருந்து வந்ததுதான் விஜயந்தா. அறுபதுகளின் நடுவில் அது படையில் சேரத் தொடங்கியது, ஆவடியில் உற்பத்தியும் வேகம் பிடித்தது.

1965 செப்டம்பரில் போர். பஞ்சாபின் கேம்கரண் பக்கத்தில் அசல் உத்தர் என்ற இடத்தில் பேட்டன்களை எதிர்த்து நின்றவற்றில் முக்கியமானவை இந்தியாவின் செஞ்சூரியன் டாங்கிகள். செஞ்சூரியன் பிரிட்டனில் செய்தது, பேட்டன் அமெரிக்காவில் செய்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரே நேட்டோவில் இருக்கும் நண்பர்கள். பேட்டனை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த எதிரி சோவியத் படை. மோதிக்கொண்டது பஞ்சாப் கரும்புக் காட்டில்.

போர் தொடங்கியதும் அமெரிக்கா ரெண்டு நாட்டுக்கும் ஆயுத சப்ளையை நிறுத்தியது. அப்போது இந்தியா கற்றுக்கொண்ட பாடம், ஆயுதத்தோடு உதிரி பாகம் மட்டும் வருவதில்லை, விற்கிற நாட்டின் கொள்கையும் சேர்ந்தே வருகிறது என்பது. அதற்குப் பிறகு மாஸ்கோ பக்கம் சாய்வது அதிகமானது. எண்பதுகளில் ஆவடியிலேயே டி-72 தயாராக ஆரம்பித்தது. 1991-ல் சோவியத் யூனியனே சிதறியபோது, ஒரே நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதிரி பாகங்களுக்காகப் பல நாடுகளின் கதவைத் தட்ட வேண்டிய நிலையும் வந்தது.

பாகிஸ்தானுக்கு மட்டும் கூட்டணி லாபமாகவே இருந்ததா? 1960 மே 1 அன்று சோவியத் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கிளம்பிய இடம் பெஷாவர். உடனே சோவியத் தலைவர் குருஷ்சேவ், பெஷாவரைக் குறி வைத்துவிட்டோம் என்று வெளிப்படையாக மிரட்டினார். இந்தியாவுக்குப் பயந்து கூட்டணியில் சேர்ந்த நாடு, தனக்குச் சண்டையே இல்லாத ஒரு வல்லரசின் குறிப் பலகையில் ஏறிவிட்டது.

1971: வங்கக் கடலில்

மெரினாவில் நின்று பார்க்கிறோமே, அதே வங்கக் கடலில் இந்தச் சுற்று உச்சத்தைத் தொட்டது 1971 டிசம்பரில்.

கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை. ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவுக்குச் சீனாவோடு நட்பு தேவைப்பட்டது, சோவியத்தை மடக்குவதற்காக. தூது போக உதவியது பாகிஸ்தான். 1971 ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாகவே ரகசியமாக பெய்ஜிங் போய் வந்தார். அமெரிக்கா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்த இந்தியா என்ன செய்யும்? ஆகஸ்ட் 9 அன்று சோவியத்தோடு 20 ஆண்டு நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. யாராவது ஒருவர் தாக்கப்பட்டால் இருவரும் உடனே கலந்து பேசுவோம் என்று அதில் ஒரு பிரிவு. கூட்டணி என்ற சொல்லை இந்தியா கவனமாகத் தவிர்த்தது. வாஷிங்டன் அதைக் கூட்டணியாகத்தான் படித்தது.

டிசம்பர் 3 அன்று போர். போரை நிறுத்தச் சொல்லி ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்த தீர்மானங்களை சோவியத் வீட்டோ போட்டுத் தடுத்தது. நிக்ஸன் அரசு, எட்டு அணு உலைகளால் இயங்கும் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலைத் துணைக் கப்பல்களோடு வங்கக் கடலுக்கு அனுப்பியது. பின்னாலேயே விளாடிவொஸ்டாக்கிலிருந்து சோவியத் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் கிளம்பின.

கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். சண்டை வங்காளிகளின் உரிமையைப் பற்றியது. ஆனால் கடலில் எதிரெதிரே வந்து நின்றவை உலகத்தின் ரெண்டு பெரிய அணு ஆயுத நாடுகளின் கப்பல்கள். அமெரிக்கா வந்ததற்குக் காரணம் சீனாவிடம் "நண்பனைக் கைவிட மாட்டோம்" என்று காட்டுவது. சோவியத் வந்ததற்குக் காரணம் இந்தியாவிடம் அதையே காட்டுவது. 'சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம் பார்' என்ற கௌரவப் பிரச்சினை கூட்டணிக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும். பின்வாங்கினால் மற்ற நண்பர்களும் நம்ப மாட்டார்களே என்ற பயம் அது.

நல்லவேளை, டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கப்பல்களுக்கு வேலை இல்லாமல் போனது.

அதே டிசம்பர் 16 அன்று நியூயார்க்கில் இன்னொன்றும் நடந்தது. இலங்கை முன்னெடுத்த தீர்மானத்தின்படி, இந்தியப் பெருங்கடலை 'அமைதி மண்டலம்' என்று ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அமெரிக்காவும் சோவியத்தும் ஆதரித்து ஓட்டுப் போடவில்லை, ஒதுங்கிக்கொண்டன. அந்தச் சமயத்தில் டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளத்தின் கட்டுமானம் தொடங்கிவிட்டிருந்தது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த சாகோஸ் மக்கள் 1973-க்குள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள்.

குண்டு வந்தபின் என்ன மாறியது?

1964-ல் சீனா அணுகுண்டு சோதித்தது. 1974 மே 18 அன்று இந்தியா பொக்ரானில் சோதித்தது. என்டர்பிரைஸ் வந்து போனது இந்த முடிவுக்கான காரணங்களில் ஒன்று என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1998 மே 11, 13 தேதிகளில் இந்தியா மறுபடி சோதிக்க, மே 28, 30 தேதிகளில் பாகிஸ்தான் பதில் சொன்னது. அமெரிக்காவைப் பார்த்து சோவியத், அவர்களைப் பார்த்து சீனா, சீனாவைப் பார்த்து இந்தியா, இந்தியாவைப் பார்த்து பாகிஸ்தான். ஒரே சங்கிலி.

அணுகுண்டு இருப்பதால்தான் பெரிய போர் நடக்கவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. அடித்தால் திருப்பி அடி நிச்சயம் என்று தெரிந்தால் யாரும் முதலில் அடிக்க யோசிப்பார்கள். அந்தத் திருப்பி அடிக்கும் திறனைக் கடலுக்கு அடியில் ஒளித்து வைக்கத்தான் அரிஹந்த் நீர்மூழ்கி. அதன் அணு உலைக்கான முன்மாதிரியை உருவாக்கி இயக்கியது நம்ம கல்பாக்கத்தில். 'முதலில் பயன்படுத்த மாட்டோம்' என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. பாகிஸ்தான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆனால் குண்டு வந்த மறு வருஷமே, 1999-ல், கார்கில் போர் நடந்தது. 'பெரிய போர் வராது' என்ற தைரியமே சின்னச் சண்டைக்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு சின்னச் சண்டையும் பெரிதாகிவிடக்கூடிய படிக்கட்டில்தான் நடக்கிறது.

யோசிக்க எவ்வளவு நேரம்?

அணு ஆயுத உலகத்தில் மிகப் பெரிய ஆபத்து கெட்ட எண்ணம் மட்டும் இல்லை, நேரம் இல்லாமை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஏவுகணை பறக்கச் சுமார் அரை மணி நேரம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான்.

1983 செப்டம்பர் 26 நள்ளிரவு. அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கணினி சொன்னது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி, "நிஜமான தாக்குதல்னா ஐந்தோடு நிற்காது" என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தின் மேல் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

நம் வீட்டுக் கதையும் உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவின் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, எல்லை தாண்டி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை வெடிபொருள் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. வழக்கமான பராமரிப்பின்போது நடந்தது என்று இந்தியா ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. விசாரணைக்குப் பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைக்கு ரெண்டு நாடும் சாதாரணமாக இருந்தன. இதே ஏவுகணை, எல்லையில் சண்டை நடக்கும் ஒரு நாளில் பாய்ந்திருந்தால்?

சத்தத்தைக் குறைக்கும் குமிழ்கள்

மைக் கத்தினால் என்ன செய்வோம்? மைக்கைத் தள்ளி வைப்போம், வால்யூமைக் குறைப்போம். வல்லரசுகளும் அதைச் செய்திருக்கின்றன. 1962 கியூபா நெருக்கடியில் குருஷ்சேவுக்கும் கென்னடிக்கும் இடையே ஒரு கடிதம் போய்ச் சேரவே பல மணி நேரம் பிடித்தது. பயந்துபோய் 1963-ல் நேரடித் தொடர்பு வைத்தார்கள். 1972-ல் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளுக்கு வரம்பு, 1987-ல் நடுத்தர தூர ஏவுகணைகளை அழிக்கும் ஒப்பந்தம், 2010-ல் இருவருக்கும் 1,550 என்ற வரம்பு. எல்லாவற்றிலும் முக்கியமானது, எதிராளி வந்து எண்ணிப் பார்க்க அனுமதித்தது. எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தால், இல்லாததைக் கற்பனை செய்து பயப்பட வேண்டியதில்லை. 70,000 ஆக இருந்தது இன்று சுமார் 12,000 ஆகக் குறைந்ததற்கு இந்தக் குமிழ்கள் முக்கியக் காரணம்.

அந்தக் குமிழ்கள்தான் இப்போது ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. 1972 ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2002-ல் விலகியது. 1987 ஒப்பந்தம் 2019-ல் முடிந்தது. 2010 ஒப்பந்தத்தில் பங்கேற்பதை ரஷ்யா 2023-ல் நிறுத்தி வைத்தது. அதன் ஆயுளே 2026 பிப்ரவரி வரைதான்.

இந்தியா, பாகிஸ்தான் நடுவிலும் ஒரு சின்னக் குமிழ் உண்டு. ஒருவர் அணு நிலையங்களை இன்னொருவர் தாக்கக் கூடாது என்று 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கார்கில் போர் நடந்த பிறகு வந்த ஜனவரியிலும் கொடுத்தார்கள். 2025 மே மாத மோதலை நிறுத்தும் முடிவும் ரெண்டு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் ஹாட்லைனில் பேசிய அன்றுதான் வந்தது.

நமக்கு இதில் என்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் படிக்கும் நம்மில் சிலர் நாளைக்கு ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ, பக்கத்தில் இருக்கும் போர் வாகன ஆராய்ச்சி நிலையத்திலோ, அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் அம்பத்தூர் பட்டறையிலோ வேலைக்குச் சேரப் போகிறோம். அதில் தவறு எதுவும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பேட்டன் நின்றது நிஜம், பயமும் நிஜம். ஆனால் நாம் செய்யும் சென்சாரும், எழுதும் சாஃப்ட்வேரும், பராமரிப்பின்போது போட வேண்டிய ஒரு பாதுகாப்புப் பூட்டும் அந்தப் பெரிய சுற்றில் ஒரு பகுதி என்பது தெரிந்திருக்க வேண்டும். மியான் சன்னுவில் விழுந்த ஏவுகணை சொல்வது அதைத்தான்.

வேறு துறைக்குப் போகிறவர்களுக்கும் வேலை உண்டு. அடுத்த முறை 'போர் வருமா' என்று செய்தி பார்க்கும்போது யார் பலசாலி என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த நாடு யாரைப் பார்த்துப் பயப்படுகிறது? இது அடித்தால் ஒப்பந்தப்படி வேறு யார் யார் உள்ளே வர வேண்டியிருக்கும்? ரெண்டு தரப்பும் பேசிக்கொள்ளும் போன் இன்னும் வேலை செய்கிறதா? இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் இருக்கும் வரை கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.